சாக்குத் துளையில் பார்த்த கண்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் கோழிக்கூட்டுக்கு அடியில் தோண்டி எடுத்த பித்தளைத் தொலைநோக்கியை முத்துக்குமாரு ஐந்து நாளாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜப்பான்காரன் இருந்த மூன்றரை வருஷமும் அது தார்ப்பாய்க்குள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. வீட்டில் அப்படியொரு குழாய் இருப்பது தெரிந்தால் உளவாளி என்று தலையை எடுத்துவிடுவார்கள். இப்போது வெள்ளைக்காரப் படை கோலாலம்பூருக்குள் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. தோக்கியோ நேரத்தில் ஓடிய கடிகாரங்களை எல்லாரும் பின்னுக்குத் திருப்பி வைத்தாயிற்று. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ரயில்வே குவாட்டர்ஸ் பக்கத்துப் பூங்காவுக்கு யார் வேண்டுமானாலும் வந்து நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்க்கலாம் என்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லியாயிற்று.

அந்தப் பூங்கா என்பதுதான் அவன் அண்ணி புனிதவதிக்கு ஆகவில்லை.

இருபத்திரண்டு மாதத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த வாரம், விடியுமுன்னே ஜப்பான் மிலிட்டரி போலீஸ் குவாட்டர்ஸ் வரிசைகளை வளைத்தது. ஆண்கள் எல்லாரையும் பூங்காப் புல்லில் குந்த வைத்தார்கள். பெண்கள் கம்பி வேலி ஓரம் நின்றார்கள். வெயில் ஏறியபின் ஒரு லோரி வந்தது. தலையிலிருந்து இடுப்புவரை அரிசிச் சாக்கைக் கவிழ்த்திருந்த ஒருவனை அதிலிருந்து இறக்கினார்கள். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. அவன் வரிசை வரிசையாக நடந்து, நான்கு பேருக்கு முன்னால் நின்று தலையாட்டினான்.

இரண்டாவது ஆள் புனிதவதியின் கணவர் தியாகராசா. ரயில்வேயில் கிளார்க்.

மூன்றாவது ஆள் எஞ்சின் பயர்மேன் தம்புசாமி. அவன் எழுந்து நின்று, நான் என்ன செய்தேன் என்று கேட்டான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். அப்போதும் அவன் கேட்டான். வயிற்றில் இரண்டு தடவை துப்பாக்கிக் கத்தியைச் செருகினார்கள். உயிர் போக மத்தியானம் ஆயிற்று. அவன் மனைவி வீரம்மாவைக் கிட்டே விடவில்லை. அவள் வேலிக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் கம்பியோடு போயிருந்தது.

மற்ற மூவரும் லோரியில் போனார்கள், திரும்பவில்லை.

லோரி கிளம்புமுன் சாக்குக்காரனை முன் சீட்டில் ஏற்றுவதற்காக வேலியோரமாக நடத்திக்கொண்டு வந்தார்கள். புனிதவதிக்கு எட்டித் தொடும் தூரத்தில் வந்தான். இடது துளையில் அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். மூக்குப் பக்கமிருந்து சிவந்த சதை வளர்ந்து, கருவிழியில் பாதியை மூடியிருந்தது. அந்தச் சதையின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி.

தியாகராசா செத்தார் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அதனால் அவள் தாலியைக் கழற்றவில்லை. கணவரின் தம்பி முத்துக்குமாருவும் அவன் மனைவி மார்க்கிரட்டும் அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, முன் அறையைக் கொடுத்து, மரவள்ளிக் கிழங்கானாலும் அவளுக்கு வைத்துவிட்டே சாப்பிட்டார்கள்.

*

சனிக்கிழமை காலையிலேயே மார்க்கிரட் தொடங்கிவிட்டாள். அந்த இடம் வேண்டாம், கோயில் முற்றத்தில் வைக்கலாம், பள்ளிக்கூடத் திடலில் வைக்கலாம் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்வது தனக்காகத்தான் என்று புனிதவதி நினைத்தாள்.

முத்துக்குமாரு கண்ணாடியைத் துணியால் ஒற்றியபடி பதில் சொன்னான். "அந்த இடத்திலை சனம் ரெண்டு வருசமாத் தலையைக் குனிஞ்சுகொண்டுதான் போகுது. ஒருநாளைக்காவது நிமிர்ந்து பாக்கட்டும்."

புனிதவதிக்குக் கண் கலங்கிவிட்டது. கணக்கு வாத்தியாராக இருந்தாலும் எப்படிப் பேசுகிறான், அண்ணன் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று தோன்றியது. தான் கட்டாயம் வருவதாகவும் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். குழாயை நிலாவின் பக்கம் திருப்புவது அவளுக்குப் பழக்கம்தான். கல்யாணமான புதிதில் தியாகராசா கற்றுக்கொடுத்திருந்தார்.

மத்தியானம் ஒரு ஆள் வந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தோளில் தொங்கும் பழைய கோட்டு. சமைத்துக்கொண்டிருந்த புனிதவதி குசினி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். முத்துக்குமாரு அவனைப் படியேற விடாமல் கோழிக்கூட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பத்து நிமிஷம் கழித்துத் தனியாகத் திரும்பியபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

யார் என்று கேட்டாள். ரவாங்கில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன், நாகையா என்று பெயர், புதிதாக வந்திருக்கும் துரைகளிடம் காட்ட நற்சான்றுக் கடிதம் கேட்கிறான் என்றான். எழுதி வைக்கிறேன், பொழுதுபட்டபின் பூங்காவுக்கு வா என்று சொல்லி அனுப்பினானாம்.

ஊரில் யார் வந்தாலும் ஊர், பேர், சாதி, சனம் எல்லாம் விசாரிக்கும் மார்க்கிரட் அன்று ஒன்றும் கேட்கவில்லை. அரிந்த வெங்காயத்தையே மறுபடி அரிந்துகொண்டிருந்தாள்.

*

ஏழு மணிக்குள் பூங்காவில் முந்நூறு பேராவது இருப்பார்கள். இருட்டியபின் வெளியே வர அஞ்சியிருந்த சனம் பிள்ளை குட்டிகளோடு பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக்கடை மைதீன் தள்ளுவண்டியில் சீனியில்லாத் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தார்.

வானத்தில் மேகம் இல்லை. பாதிக்குச் சற்று மேலான நிலா, தெற்கே விருச்சிகத் தேளின் வாலுக்குப் பக்கத்தில் நின்றது. அதற்கு வலப்புறம் சிவப்பாய்த் துடிப்பது கேட்டை என்று முத்துக்குமாரு விளக்கினான். அன்று மூல நட்சத்திரம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதே, அந்த மூலம் அதோ அதுதான் என்று விரலால் காட்டினான். பஞ்சாங்கத்தில் மட்டும் கேள்விப்பட்டதை நேரில் பார்த்த கிழவர்கள் கைகூப்பினார்கள்.

வீரம்மாவும் வந்திருந்தாள். தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே அக்கா, வெறும் குழியாவுல்ல இருக்கு," என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வீரம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்துப் புனிதவதி பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன முத்துக்குமாரு தேத்தண்ணீர் குடிக்க வண்டிப் பக்கம் போனான். தொலைநோக்கி புனிதவதியின் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் நிலா நழுவாமல் குழாயை மெல்லத் தள்ளிக் கொடுத்தாள்.

அப்போதுதான் நாகையா முன்னால் வந்து நின்றான். இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி.

"மாஸ்டர் எங்கக்கா?" என்றான்.

வந்துவிடுவார், அதற்குள் பாருங்கள் என்றாள். அவன் தயங்கினான். பார்த்தால் பார், இல்லாவிட்டால் விலகு என்று பின்னாலிருந்து சலித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்தான்.

குழாயிலிருந்து வந்த நிலவொளி அவன் இடது கண்ணில் வட்டமாக விழுந்தது. கருவிழியில் பாதியை மூடிய சதை. அதன் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி.

புனிதவதி குழாயைத் தள்ளுவதை நிறுத்தினாள். கண்ணில் சதை வளர்ந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர், அவசரப்பட்டு ஒரு மனிதனின் உயிரோடு விளையாடக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அந்தப் புள்ளியை அவள் இருபத்திரண்டு மாதமாகக் கண்ணை மூடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகையாவின் காதருகே குனிந்தாள்.

"சாக்குக்குள்ளையிருந்து பாக்கேக்கை இதைவிட நல்லாத் தெரிஞ்சதோ?" என்று கேட்டாள்.

அவன் சுட்டுக்கொண்டவன்போலப் பின்னால் துள்ளினான். குழாயைத் தாங்கிய மர முக்காலி சாய்ந்து முறிந்தது. தொலைநோக்கி புல்லில் விழுந்து உருண்டது. என்ன சொல்கிறீர்கள் என்றுகூட அவன் கேட்கவில்லை. எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்று மட்டும் தேடினான்.

அது போதுமாக இருந்தது. "வீரம்மா," என்றாள் புனிதவதி. குரல் உயரவில்லை. "சாக்குப் போட்டவன் இவன்தான்."

*

அவன் நாலு எட்டுக்கூட ஓடவில்லை. வீரம்மா பின்னாலிருந்து தலைமயிரைப் பற்றி மல்லாக்க இழுத்தாள். விழுந்தவன் மார்பில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பிறாண்டினாள். சாக்குக்காரன் என்ற சொல் பூங்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஒரு நிமிஷம் ஆகவில்லை. பாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். குழந்தைகளை ஒருவர் கையில் ஒருவர் கொடுத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

வேலிக் கட்டையைப் பிடுங்கினார்கள். சைக்கிள் செயின் ஒன்று காற்றில் சுழன்றது. கொஞ்சம் முன்பு மூலத்தைப் பார்த்துக் கும்பிட்ட ஒரு கிழவர் ஊன்றுகோலின் முனையால் அவன் விலாவில் குத்தினார். குத்தி முடித்து, ஆளை மாற்றிவிடுவதுபோல ஒதுங்கி, அடுத்தவருக்கு இடம் விட்டார். எலும்பு முறியும் சத்தம் பச்சை மூங்கில் ஒடிவதுபோலக் கேட்டது. அவன் எழுப்பிய ஓலம் கொஞ்ச நேரத்தில் மனிதக் குரலாக இல்லை.

புனிதவதி நின்ற இடத்திலேயே நின்றாள். இந்த நாளை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நினைவில் அவள் கையில்தான் கட்டை இருக்கும். இப்போது கை எழவில்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை இத்தனை கைகளாகி இறங்குவதைப் பார்த்தாள். நிறுத்துங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கால்களுக்கிடையில் நுழைந்து, முழங்கையால் ஊர்ந்து, அவன் அவளிடம் வந்தான். ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம். அவள் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர எனக்கு முன்னப்பின்னத் தெரியாது," என்றான். பல்லோடு ரத்தம் தெறித்தது. "பேரு முதல்லயே குடுத்தாச்சு. அஞ்சாவது வரிசை, தங்க பிரேம் கண்ணாடின்னு அடையாளம் சொன்னாங்க. நான் தலைய மட்டுந்தான் ஆட்டினேன். பேரு குடுத்தது உங்க வீட்டுல..."

முக்காலியின் ஒரு கால் அவன் வாயில் இறங்கியது.

முத்துக்குமாரு. தேத்தண்ணீர் வண்டியிலிருந்து ஓடிவந்தவன், உடைந்து கிடந்த மரக்காலை எடுத்திருந்தான். இரண்டாவது அடி. மூன்றாவது. கோழி அறுக்க மனம் வராமல் மார்க்கிரட்டை அறுக்கச் சொல்லும் முத்துக்குமாரு. அவன் அடிக்கும் அழகைப் புனிதவதி தன் காலடியில், ஒரு முழ தூரத்தில் பார்த்தாள். மற்றவர்கள் முதுகு, கால், தலை என்று கை போன இடத்தில் அடித்தார்கள். முத்துக்குமாரு மட்டும் வாயிலேயே அடித்தான். ஒவ்வொரு தடவையும் குறி பார்த்து, வாயில் மட்டும். தாடை இரண்டாகப் பிளந்து தொங்கியபிறகும் அடித்தான்.

அவள் கணுக்காலைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

தெருவில் ரோந்து வந்த பஞ்சாபிச் சிப்பாய்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கூட்டம் சிதறியது. முத்துக்குமாரு மரக்காலைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து, அண்ணா, அண்ணா என்று விம்மி அழுதான். அண்ணனுக்காகப் பழி தீர்த்த தம்பி என்று ஆண்கள் தட்டிக்கொடுத்தார்கள். சிப்பாய்கள் கிட்டே வருமுன் நாலு பேர் அவனைத் தோளில் கைபோட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீரம்மாவையும் யாரோ இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

*

புனிதவதி முழங்காலிட்டு நாகையாவின் மூக்கருகே புறங்கையை வைத்தாள். மூச்சு இருந்தது.

சிப்பாய்கள் செத்த ஆள் என்று நினைத்து, காலையில் வந்து எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மைதீன் மட்டும் வண்டியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றிருந்தார். அவரிடம் போய், இவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றாள். மைதீன் தேத்தண்ணீர்ப் பானையை இறக்கிப் புல்லில் கவிழ்த்துவிட்டு, "தூக்குங்க அக்கா, நான் தோள்பக்கம் புடிக்கிறேன்," என்றார்.

வண்டியை அவர் தள்ள, அவள் சரியும் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரத்தம் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது.

வழியெல்லாம் மனம் கணக்குப் போட்டது. சுற்றி வளைப்புக்கு மூன்று நாள் முன்னால் முத்துக்குமாருவை மிலிட்டரி போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. எங்கோ களவாக ரேடியோ கேட்கிறது, யார் வீட்டில் என்று விசாரிப்பதாகச் சொன்னார்கள். அந்த ரேடியோ முத்துக்குமாரு வீட்டுப் பரணில்தான் இருந்தது. இரண்டு சகோதரர்களும் சேர்ந்துதான் கேட்பார்கள். ஆனால் மறுநாள் காலையே, கன்னத்தில் ஒரு வீக்கத்தோடு அவனை விட்டுவிட்டார்கள். உள்ளே போனவன் முழுசாகத் திரும்பியது அதிசயம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். தியாகராசா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்று தம்பி என்ன கொடுத்துவிட்டு வந்தான் என்று யாருமே கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெஸ்ஸர் விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஒரு கண் போய்விட்டது, விலா மூன்று முறிந்திருக்கிறது, தாடை சுக்கல். இந்த ராத்திரி தாண்டினால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் மாதக்கணக்கில் பேச முடியாது என்றார்.

"எழுத ஏலுமோ?" என்று கேட்டாள் புனிதவதி.

இது என்ன கேள்வி என்பதுபோல அவர் நிமிர்ந்தார். பிறகு நாகையாவின் வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கைக்கு ஒன்றுமில்லை என்றார். நாளைக் காலை எட்டு மணிக்கு வார்டு திறப்பார்கள், நினைவு வந்திருந்தால் பார்க்கலாம்.

வெளியே வந்ததும் மைதீனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். "அண்ணே, இவன் உயிரோடை இருக்கிறது எங்கடை வீட்டுக்குத் தெரியக் கூடாது." மைதீன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

*

வீட்டில் விளக்கு எரிந்தது. குழாயடியில் மார்க்கிரட் கணவனின் சட்டையை மூன்றாம் தடவையாகக் கசக்கிக்கொண்டிருந்தாள். முத்துக்குமாரு நாற்காலியில் ஈரத் தலையோடு இருந்தான். தட்டில் கிழங்கு தொடாமல் கிடந்தது.

புனிதவதி உள்ளே வந்ததும் அவன் பார்வை அவள் கை ரத்தத்துக்குப் போனது. எங்கே போனீர்கள், அடிபட்டதா என்று கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் அடித்தான், வாயில் பட்டது தற்செயல் என்று நம்ப அவள் தயாராக இருந்தாள்.

"அண்ணி, அவன் செத்திட்டானோ?" என்று கேட்டான் முத்துக்குமாரு.

அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஓம் தம்பி. வழியிலையே போயிட்டான்."

அவன் தோள்கள் இறங்கின. அண்ணன் லோரியில் ஏறிய நாளிலிருந்து அந்தத் தோள்கள் தூக்கியபடியே இருந்தன என்பது இறங்கியபிறகுதான் தெரிந்தது. வாயைத் திறந்து நீளமாக மூச்சு விட்டான். குழாயடியில் துணி கசக்கும் சத்தம் நின்றது. மார்க்கிரட் ஈரக் கையால் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்று மெதுவாகச் சொன்னாள்.

ஆக, இரண்டு பேருக்கும் தெரியும்.

புனிதவதி கையைக் கழுவினாள். சட்டியிலிருந்த கிழங்கைச் சூடாக்கி, தன் கையாலேயே இருவருக்கும் பரிமாறினாள். முத்துக்குமாரு சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டு மறுபடியும் சாப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கும்போது, காலையில் வெள்ளெனக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள். ஒரு மனிதன் தன் கண்முன்னால் செத்திருக்கிறான், தலைமுழுகி ஒரு விளக்கு ஏற்றினால்தான் மனம் ஆறும் என்றாள்.

முத்துக்குமாரு தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனான்.

மார்க்கிரட் தட்டுகளை அடுக்கியபடி புனிதவதியின் கால் பக்கம் பார்த்தாள். கணுக்காலில் நாலு விரலும் ஒரு பெருவிரலும் ரத்தமாய்ப் பதிந்து காய்ந்திருந்தன. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தனியப் போகாதேங்கோ அக்கா," என்றாள். "நானும் வாறன். கோயிலுக்குள்ளை வரமாட்டன், வாசலிலை நிக்கிறன். நீங்கள் எங்கை போனாலும் இனி நானும் வாறன்."